மனநலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. படகில் உடன் வருபவர்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றும், காதில் குரல் கேட்கிறது என்றும் மூன்று ஆண்டுகளுக்கு முன் சொல்லத் தொடங்கினான். அரசு மருத்துவமனையில் மனச்சிதைவு என்றார்கள். மாத்திரை சாப்பிட்டு இப்போது நன்றாகத் தேறிவிட்டான். எப்போதாவது குரல் கேட்பதாகச் சொல்கிறான். மறுபடி கடலுக்குப் போக ஆசைப்படுகிறான். "முழுசாகக் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார் அப்பா. தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். நாங்கள் என்ன செய்வது?
- வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் அப்பாவின் அச்சம் நியாயமானது, மகனை நடுக்கடலில் நினைத்துப் பார்க்கும் எந்தத் தகப்பனுக்கும் அது வரும். ஆனால் "முழுசாகக் குணமாகட்டும்" என்ற அந்த நிபந்தனைதான் தம்பியை இப்போது வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறது என்று நான் கருதுகிறேன். மனச்சிதைவில் சிலருக்குக் குரல் அடியோடு நின்றுவிடும். வேறு சிலருக்கு மருந்தைத் தவறாமல் எடுத்தாலும் மெல்லியதாக எஞ்சி நிற்கும். அது நிற்கும் நாளுக்காக வேலை, நட்பு, சொந்தச் சம்பாத்தியம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தால், அந்த நாள் வராமலே இளமை கழிந்துவிடக்கூடும். சிகிச்சையும் வாழ்க்கையும் ஒருசேர நடக்க வேண்டியவை.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் நோயை அனுபவித்தவர்களே. பதின்வயதில் மனச்சிதைவு என்று கூறப்பட்டு, பிற்காலத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கர் பட்ரீசியா டீகன், தாம் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டி நாளுக்கு ஒரே ஒரு முறை, கடைக்கு வருகிறாயா என்று கேட்பாராம். மறுத்தால் வற்புறுத்த மாட்டாராம். மாதக்கணக்கில் மறுத்துவந்த டீகன் ஒருநாள், வருகிறேன், ஆனால் கடையில் சாமான் வைக்கும் தள்ளுவண்டியை மட்டும்தான் தள்ளுவேன் என்றாராம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதற்கும் இப்படிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அப்பாவுக்கு நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். குறை கூறலும் பகைமையும் மிகுந்த வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது லண்டன் ஆய்வுகளில் தெரியவந்தது. பகைமையைப் பொறுத்தவரை, நம் நாட்டில் சண்டிகரில் நடந்த ஆய்விலும் அதுவே தெரிந்தது.

இனி கடலுக்கு வருகிறேன். விசைப்படகில் இரவு முழுக்கக் கண்விழிக்கும் வேலையை இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது. தூக்கம் கெட்டால் நோய் தலைதூக்கக்கூடும், சில மருந்துகளால் விடிந்த பிறகும் மயக்கம் இருக்கும், வெயிலையும் நீரிழப்பையும் உடல் தாங்கும் திறன் குறையும். ஆகவே கரையிலிருந்து தொடங்கலாம். காலையில் கரையேறும் நண்டு வலையில் ஒவ்வொரு நண்டாக, கால் ஒடியாமல், நூல் அறாமல் கழற்றி எடுப்பது பொறுமையும் கைத்திறனும் வேண்டிய வேலை என்பது உங்களுக்கே தெரியும். தம்பி அதைச் செய்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே அவருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அது அவர் கைக்கே போகட்டும், அப்பாவிடம் வேண்டாம். அது நிலைத்த பிறகு, அவர் நம்பும் மாமாவோ சித்தப்பாவோ ஓட்டும் நாட்டுப்படகில், கரையை ஒட்டிய பகல் தொழிலுக்குப் போய்வரலாம். எப்போது, யாருடன் என்பதை அவரே சொல்லட்டும். மருந்து நேரத்தைத் தொழிலுக்கேற்ப மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கும்போதும் பேசுபவர் அவராகவே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். மருந்தைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடாது, நோய் திரும்ப அது பெரிய காரணம்.

நோய் திரும்புவதற்கு முன் தமக்கு என்னென்ன நேர்கிறது என்பதை, நன்றாக இருக்கும் இந்நாளிலேயே, அவர் தம் சொற்களில் எழுதிவைப்பது மிகவும் உதவும். இரண்டு இரவு தூக்கமின்மை, படகுக்காரர்களைப் பார்த்ததும் ஒதுங்குவது என்று அது எளிமையாகவே இருக்கலாம்.

கேள்வி: என் மகனும் இதே நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். அவனை ஏர்வாடி தர்காவில் சில நாள் தங்கவைக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். போகலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: மகனுக்கும் விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகலாம்; மாத்திரை கூடவே போக வேண்டும். நம்பிக்கை பலருக்கு ஊன்றுகோலாக இருக்கிறது, அதைப் பறிப்பதால் எந்த மருத்துவரும் எதையும் சாதிக்கப் போவதில்லை. மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்பதற்காக, 'தவா-துவா' என்ற பெயரில் அங்கேயே மனநலச் சிகிச்சைக்கும் அரசு வழிசெய்தது.

சங்கிலி மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95-இல், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. நோய் முற்றும் வேளையில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று வயதுவந்த ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. தங்கியிருக்கும்போது மகனுக்குத் தூக்கம் கெட்டாலோ பயம் கூடினாலோ, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இரவிலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.