கடவுளை நம்புகிறேன், ஆனாலும் கவலை விடமாட்டேன் என்கிறது, இருப்பது போதும் என்கிற மனசும் வரவில்லை. உங்களில் யாராவது இதிலிருந்து வெளியே வந்திருக்கிறீர்களா?

வந்திருக்கிறேன். முழுசாக என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது இரவில் தூங்குகிறேன்.

வீடு சென்னை காசிமேடு. கணவர் விசைப்படகில் டிரைவர். தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போனால் எட்டு நாள், பத்து நாள் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும். பிறகு திரும்பி வரும்வரை அவர் குரலைக் கேட்க முடியாது. கல்யாணமான புதிதிலேயே இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததே, அதில்தான் எல்லாம் மாறியது. கன்னியாகுமரிப் பக்கம் கடலுக்குப் போன எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. புயல் நம் சென்னைக்கு வரவே இல்லை, ஆனால் அங்கே கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களை டிவியில் பார்த்த அன்றோடு என் தூக்கம் போயிற்று.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஐஸ் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். போனில் காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று பார்ப்பேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன். கையில் ஜெபமாலை உருளும், மனசு நடுக்கடலில் இருக்கும். இதற்கு மேல் இன்னொரு பாரம்: இப்படிப் பயப்படுகிறேனே, அப்படியென்றால் எனக்கு விசுவாசமே இல்லையா? நீங்கள் கேட்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ராயபுரத்துக்குப் பேர் வந்ததே ராயப்பரால்தான், அதாவது இயேசுவின் சீடர் பேதுரு. அவரும் மீன் பிடித்தவர். அவர் தண்ணீர்மேல் நடந்த கதை சின்ன வயதிலிருந்து கேட்டது. ஆனால் ஒரு ஞாயிறு பூசையில் அந்த வாசகத்தைப் படித்தபோது, அதுவரை காதில் விழாத ஒன்று விழுந்தது. காற்றைப் பார்த்துப் பயந்து மூழ்கப் போகிறார், காப்பாற்றும் என்று கத்துகிறார், இயேசு உடனே கையைப் பிடிக்கிறார். அப்போதும் காற்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு பேரும் படகில் ஏறிய பிறகுதான் அடங்குகிறது. நான் இத்தனை வருடமும் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்: முதலில் காற்றை நிறுத்து, அப்புறம் உன் கையைப் பிடிக்கிறேன் என்று. பேதுருவே பயந்தார், பயந்ததற்காக அவரைக் கைவிடவில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. கோயிலிலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே ராத்திரி, அதே போன். அங்கே கைகொடுத்தது என் மாமியார். நாற்பது வருடம் தெருத்தெருவாய் மீன்கூடை தூக்கியவர். ஒரு விடியற்காலை நான் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“விக்காத மீனை என்னா பண்ணுவ?”

“கருவாடு போடுவேன் அத்தை.”

“ஆங். உப்பு போட்டு வெயில்ல வச்சா கருவாடு. கூடையிலயே வச்சிக்கினு பாத்துக்கினு இருந்தா நாத்தம். நீ ராவெல்லாம் கூடையப் பாத்துக்கினு இருக்கம்மா.”

அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மனசில் ஒரு கவலை வந்தால், இதற்கு என் கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் ஏற்றினார்களா, இன்சூரன்ஸ் கட்டியாச்சா, பையன் ஃபீசுக்குச் சீட்டுப் பணம் வருமா, இதெல்லாம் உப்பு போடுகிற வேலை, விடிந்ததும் செய்துவிடலாம். காற்று, இன்ஜின், அலை, இதற்கு என்னிடம் உப்பு இல்லை. அதை ஆண்டவரிடம் கணவர் பேர் சொல்லி ஒப்படைக்கிறேன், படகில் போன மற்ற ஆட்கள் பேரையும் சேர்த்து. ஒரே இரவில் நாலு தடவை திரும்ப எடுத்துக்கொண்டு, நாலு தடவையும் திரும்பக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். படபடப்பு தாங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனேன், கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டேன். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து போதும் என்கிற மனசு. எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலம். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். வருமானம் கிடையாது, வளையல் அடகுக்குப் போகும். எதிர்வீட்டில் புது ஃப்ரிட்ஜ் இறங்கினால் எனக்கு வயிறு எரியும். எந்த நிலையிலும் மனநிறைவாய் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பைபிளில் பவுல் எழுதியது சிறையிலிருந்து. பிறவியிலேயே வந்தது என்று சொல்லாமல் கற்றுக்கொண்டேன் என்கிறாரே, அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு தடைக்காலத்தில் கணவர் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார், பையன் ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்தான். மதியம் ரசமும் நெத்திலிக் கருவாடும்தான். வருஷத்தில் இந்த 61 ராத்திரியும் அவர் பக்கத்தில் இருக்கிறார், இதை நஷ்டக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேனே என்று தோன்றியது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மீட்க முடியாத வருத்தம் உண்டு, ஆனால் எதிர்வீட்டைப் பார்த்து வயிறு எரிவது நின்றுவிட்டது.

முந்தாநாள்தான் மறுபடி தங்கலுக்குக் கிளம்பினார். டவர் போகும் முன் கூப்பிட்டு, “சாப்ட்டியா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். இப்போது மணி பத்தேகால், காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருக்கிறது. அத்தை விளக்கை அணைக்கச் சொல்கிறார், படுக்கப் போகிறேன்.