இரண்டாவது கதவுக்குள் என்ன?

கே: டபுள் டோர் ஃபிரிட்ஜ் வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறது. என் மாமனாரோ, "காசு சேர்த்து மொத்தமாக் குடுத்து வாங்குங்க மாப்ளே" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். சேர்ப்பதற்குள் விலை ஏறிவிடாதா?
— மாமனாருக்கு அஞ்சும் வாசகர், காவேரிப்பட்டணம்

ப: என் கவலையெல்லாம் அந்த இரண்டாவது கதவைப் பற்றித்தான். பெரிய கதவுக்குள் என்ன இருக்கும் என்பது ஊருக்கே தெரியும்: இட்லி மாவு, அதற்கும் முந்தைய இட்லி மாவு, பாதி அறுத்த எலுமிச்சம்பழம், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வந்த தேங்காய். மேல் கதவைத் திறந்தால் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. பிள்ளைகள் பாய்ந்து போய் மூடியை எடுத்தால் உள்ளே துருவிய தேங்காய். இதற்காகவா தனிக் கதவு?

அப்புறம், மாந்தோப்பு சூழ்ந்த காவேரிப்பட்டணத்துக்காரர் நீங்கள். ஃபிரிட்ஜில் மாங்காய் வைக்க மாட்டீர்களே? இதே பக்கத்தில் இதைப் பற்றி எழுதப்போய் ஒரு வாசகர் சந்தாவையே நிறுத்தினார். மாம்பழக் காலம் முடிந்ததும் வந்து சேர்ந்துகொண்டார், அது வேறு விஷயம். ஆனாலும் மறுபடி சொல்வேன். பழுக்காத காயை ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் தாங்காமல் தோல் கறுக்கும். சரியாகப் பழுக்கவும் பழுக்காது. செந்தூரா மாங்காய் பழுக்க வைக்கோல் போதும். வைக்கோலைத் தவணையில் விற்க இன்னும் யாரும் வரவில்லை.

சரி, தவணை. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, அதைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டது. இப்போது அதற்குப் பெயர் 'நோ காஸ்ட்'. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரொக்கமாத் தந்தா எவ்வளவு?" விலை 36,000, மாதம் 3,000 வீதம் 12 தவணை என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்துக்கு அவர் 33,500-க்கு இறங்கினால், இடையில் நிற்கும் 2,500 தான் அந்த இல்லாத வட்டி. பார்வைக்கு ஏழரை சதவீதம். ஆனால் அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருகிறீர்களே, அதைக் கணக்கில் சேர்த்தால் வருஷத்துக்குப் பதிமூன்றரை. பிராசஸிங் கட்டணம் இருந்தால் அது தனி.

விலை ஏறுமே என்கிறீர்கள். இறங்கவும் செய்யும். 2018 ஜூலையில் ஃபிரிட்ஜுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. அதற்கு முந்தின வாரம் அவசரப்பட்டு வாங்கியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி வேறு வருஷா வருஷம் தானாக வருகிறது.

ஓசூர் கம்பெனிக்குப் போய் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குத் தவணை ஒத்துவரலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் பாதிப் பேருக்குக் காசு மாதாமாதமா வருகிறது? புளி அடித்தால் ஒரு தடவை, மாங்காய் இறக்கினால் ஒரு தடவை. பூ கொட்டிப்போன வருஷம் அதுவும் இல்லை. தவணைத் தேதிக்கு இதெல்லாம் தெரியாது. ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். மாமனார் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறார். அவர் சேர்க்கச் சொல்கிற இடம் யாரோ தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டு என்றால் மட்டும், பதிவு செய்ததுதானா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். மாமனாருக்குத் தோப்பு உண்டா? மல்கோவா மரம் இருந்தால் மீதிப் பதிலை நேரில் வந்து சொல்கிறேன்.