அமைலேஸ் நார்மல் என்றால் கணையம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: வயது 27. இரண்டு வருடமாக மேல் வயிற்றில் விட்டு விட்டு வலி, சில நேரம் முதுகு வரை போகிறது. எண்டோஸ்கோப்பி நார்மல், ரத்தத்தில் அமைலேஸும் நார்மல். குடிப்பழக்கம் கிடையாது. இது நாள்பட்ட கணைய அழற்சியாக இருக்குமா? எந்த டெஸ்ட் எடுத்தால் தெரியும்?

பதில்:

இருக்கலாம். நீங்கள் சொல்கிற இரண்டு நார்மல் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது. நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்கு இந்த நோய் இருக்கிறது. அவனோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததிலும், அப்புறம் அவனைப் பார்க்கிற குடல், கணைய மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் இருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் எண்டோஸ்கோப்பி. வாய் வழியாக விடுகிற அந்தக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் ஆரம்பப் பகுதி, இவ்வளவைத்தான் பார்க்கும். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே படுத்திருக்கிறது. அந்தக் குழாயின் கண்ணில் அது படவே படாது. அதனால் உங்கள் ரிப்போர்ட் சொல்வது அல்சர் இல்லை என்பதை மட்டும்தான். வலிக்கு அல்சர் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகும் அதே அல்சர் மாத்திரையைத் தொடர்ந்து எழுதிக் கொடுத்தால், வேறு என்ன காரணம் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அமைலேஸ், லைப்பேஸ் இரண்டும் கணையம் சுரக்கிற செரிமான நொதிகள். ரத்தத்தில் அவற்றை அளப்பது திடீர் கணைய அழற்சியைக் கண்டுபிடிக்க உதவுகிற டெஸ்ட். அப்போது கணையம் வீங்கி, அதில் இருக்கிற நொதிகள் ரத்தத்தில் கசிந்து, அளவு நார்மலின் உச்சவரம்பைப் போல 3 மடங்கோ அதற்கு மேலோ ஏறும். நாள்பட்ட அழற்சியில் கதையே வேறு. அங்கே கணையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறிச் சுருங்குகிறது, நொதியைச் செய்கிற செல்களே குறைந்துபோகின்றன. கசிவதற்குச் சரக்கே இல்லாதபோது ரத்தத்தில் அளவு எப்படி ஏறும்? நோய் முற்றியவர்களுக்கு நார்மலாகவோ, நார்மலுக்கும் கீழேயோ வரும். என் தம்பிக்குக் கடும் வலி இருந்த நாளில் எடுத்தபோதுகூட நார்மல்தான் வந்தது.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டாக்டரிடம் அதை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவர் கணையத்தை நினைப்பாரா இல்லையா என்பதே இருக்கிறது. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து முதுகுக்கு ஊடுருவிப் போகும். சாப்பிட்டதும் கூடும், குறிப்பாக எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி மாதிரி கொழுப்பான சாப்பாடு. மல்லாந்து படுத்தால் தாங்காது. முன்னால் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். தம்பி ராத்திரியில் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பான், வீட்டில் எல்லோரும் வாயு என்று பூண்டும் பெருங்காயமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் போனால் 'வயிற்று வலி' என்று மட்டும் சொல்வான். குனிந்தால் குறைகிறது, முதுகுக்குப் போகிறது, சாப்பிடவே பயமாக இருக்கிறது, எடை இறங்கிவிட்டது என்பதையெல்லாம் ஒரே மூச்சில் ஒருவரிடம் சொன்ன நாளில்தான் அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நீங்களும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

எல்லோருக்கும் வலி இருக்கும் என்றும் இல்லை. சிலருக்கு வலியே இல்லாமல், ஒல்லியான உடம்பில் திடீரென்று சர்க்கரை வந்து, அப்புறம் ஸ்கேனில் கணையத்தில் கல் தெரியும்.

மலத்தையும் கவனியுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. கொழுப்பு செரிக்காமல் போனால் மலம் வெளிறி, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். ஆனால் கணையத்தின் நொதி சுரக்கும் திறனில் 90 சதவீதம் போன பிறகுதான் இது வெளிப்படையாகத் தெரியும் என்கிறார்கள். கொழுப்பு குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அப்போதும் தெரியாமல் இருக்கலாம். சோறும் ரசமுமாகச் சாப்பிடுகிறவருக்கு எண்ணெய்ப் பிசுக்கு எங்கிருந்து வரும்? அதனால் மலம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

அடுத்து, குடிப்பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பேச எனக்கு நிறைய இருக்கிறது. தம்பிக்குக் கணையம் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதல் வார்டில் இருந்தவர்கள் வரை கேட்ட முதல் கேள்வி 'குடிப்பானா?' என்பதுதான். அவன் தொட்டதே இல்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் ஒரு கட்டத்தில் நோயையே வெளியே சொல்லாமல் இருந்தான். மது பெரிய காரணம், சிகரெட் தனியாகவே ஒரு காரணம், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம், இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் நம் நாட்டில் குடிக்காதவர்களுக்கும் இந்த நோய் நிறைய வருகிறது. இந்தியா முழுக்க 1,086 நோயாளிகளைப் பார்த்து 2008-இல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாத வகையே சுமார் 60 சதவீதம். மதுவால் வந்தது 40-க்கும் சற்றுக் கீழே.

அதிலும் தென்னிந்தியாவுக்கு இதில் தனிக் கதையே உண்டு. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1960-களில் இளம் வயதினர் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துப் பதிவு செய்தார்: சிறு வயதில் வயிற்று வலி, வாலிபத்தில் சர்க்கரை, கணையக் குழாயில் பெரிய பெரிய கற்கள். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர் வந்தது. சென்னையில் மருத்துவர் மோகனின் குழு இதனால் வருகிற சர்க்கரை நோயைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறது. மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ரொம்ப காலம் பேசினார்கள், அது நிரூபணம் ஆகவில்லை. 2002-இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் இந்த நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க் 1 என்கிற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். கணையத்துக்குள்ளேயே நொதி முன்கூட்டி விழித்துக்கொள்ளாமல் தடுக்கிற புரதத்தின் மரபணு அது. ஆகவே குடிக்காதவருக்குக் கணைய நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளம் வயதில் வலி என்றால், குடும்பத்தில் யாருக்காவது கணையப் பிரச்சினையோ சிறு வயதிலேயே சர்க்கரையோ இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

சரி, எந்த டெஸ்ட். சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் எடுத்தாலும் குடலில் இருக்கிற வாயு கணையத்தை மறைத்துவிடும், 'கணையம் சரியாகத் தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒரு வரி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. உங்கள் ரிப்போர்ட்டை இப்போதே எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக அடுத்த படி சிடி ஸ்கேன். கல், சுண்ணாம்புப் படிவு, கணையம் சுருங்கியிருப்பது, கணையக் குழாய் விரிந்திருப்பது எல்லாம் அதில் நன்றாகத் தெரியும். கட்டி ஏதும் இருக்கிறதா என்பதற்கும் அதுதான், அதற்கு மருந்து ஏற்றி எடுக்க வேண்டும், முன்னதாகச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். சிடியில் தெளிவில்லை என்றால் எம்ஆர்சிபி, அதாவது எம்ஆர்ஐ ஸ்கேனில் ஒரு வகை. கதிர்வீச்சு இல்லாமல் கணையக் குழாயின் வடிவத்தைக் காட்டும், ஆனால் சுண்ணாம்புப் படிவைக் காட்டுவதில் சிடி அளவுக்கு வராது. அதற்கும் பிடிபடாத ஆரம்ப நிலைக்கு எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட், சுருக்கமாக ஈயுஎஸ். குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவி இருப்பதால் இரைப்பைக்குள் இருந்தபடியே கணையத்தை மிகப் பக்கத்தில் பார்க்கும். ஒரு எச்சரிக்கை: வயதானவர்கள், புகைப்பவர்கள், குடிப்பவர்கள் கணையத்தில் நோய் இல்லாமலே லேசான மாற்றங்கள் தெரியலாம், அதனால் ஈயுஎஸ்ஸில் லேசாக ஏதோ இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. வலி, படம், கணையம் வேலை செய்கிற அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நல்ல டாக்டர் முடிவு சொல்வார். ஆரம்ப நிலையில் உடனே முடிவு சொல்லாமல், கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுக்கலாம் என்பதும் நடக்கும்.

கணையம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க மலத்தில் எலாஸ்டேஸ் என்கிற கணைய நொதியை அளக்கும் டெஸ்ட் இருக்கிறது. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் நார்மல், 100-க்குக் கீழே போனால் குறைபாடு, நடுவில் இருந்தால் சந்தேக நிலை. பேதியாகிற நாளில் கொடுக்காதீர்கள், தண்ணீர் மலத்தில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். செரிமானத்துக்காக நொதி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த டெஸ்ட்டுக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆரம்ப நோயை இது பெரும்பாலும் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூடவே வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை), கால்சியம், வைட்டமின் டி பார்க்கச் சொல்வார்கள். கணையம் வீங்கி, மஞ்சள் காமாலையும் இருந்தால் ஐஜிஜி4 என்ற டெஸ்ட்டும் சேரும். ஏனென்றால் நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குகிற ஒரு வகை உண்டு, அது ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். நோய் உறுதியானால் சர்க்கரையை வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கணையத்தால் வருகிற சர்க்கரையைச் சாதாரண இரண்டாம் வகை என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறான வைத்தியத்தில் கொண்டுபோய் விடும். 40, 50 வயதுக்கு மேல் புதிதாக வலி, எடை குறைவு, மஞ்சள் காமாலை, புதிதாகச் சர்க்கரை என்று சேர்ந்து வந்தால் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும், தள்ளிப்போடவே கூடாது. உங்கள் வயதில் அந்தப் பயம் மிகக் குறைவு. ஆனால் விடாத வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சளாவது, கறுப்பு மலம், இதில் ஏதாவது வந்தால் எந்த வயதானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொது மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போவதை விட்டுவிட்டு ஒரு கேஸ்ட்ரோஎன்டராலஜி (குடல், கணைய நோய்) மருத்துவரைப் பாருங்கள். தனியார் கட்டுப்படி ஆகவில்லை என்றால் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தத் துறை இருக்கிறது. போனதும் 'கணையத்தைச் சரியாகப் பார்த்தாகிவிட்டதா?' என்று நேராகக் கேளுங்கள். பழைய ஸ்கேன்களின் ரிப்போர்ட் தாளோடு படத்தையும், சிடி டிஸ்க்கையும் கேட்டு வாங்கி எடுத்துப் போங்கள், ஏனென்றால் தம்பியின் கணையக் குழாயில் இருந்த சின்னக் கல் பழைய சிடியிலேயே தெரிந்தது, ரிப்போர்ட்டில்தான் எழுதப்படாமல் விட்டுப் போயிருந்தது.