வீட்டில் ஒருவருக்குச் சின்னம்மை: மற்றவர்களுக்கு என்ன செய்வது?

கேள்வி: என் 9 வயது மகளுக்கு நேற்றுக் காலை முதுகிலும் வயிற்றிலும் முத்து போட ஆரம்பித்தது. இன்று முகம், தலைக்குள் எல்லாம் வந்துவிட்டது. எடை 26 கிலோ. காய்ச்சல் 101 டிகிரி, அரிப்பு தாங்காமல் அழுகிறாள். அம்மனுக்கு மருந்து கொடுக்கக் கூடாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை குளிப்பாட்டவும் கூடாது என்கிறார் மாமியார். 4 வயது மகனுக்குச் சின்னம்மை ஊசி ஒன்று மட்டும் போட்டிருக்கிறோம். கணவருக்கு 38 வயது, அம்மை வந்ததே இல்லை, சிகரெட் பழக்கம் உண்டு. எனக்கும் மாமியாருக்கும் சிறு வயதிலேயே வந்துவிட்டது. நான்கு மாதக் கர்ப்பமாக இருக்கும் என் தங்கை போன வாரம் முழுக்க இங்கேதான் இருந்தாள். நல்லவேளை, முத்து போடுவதற்கு முந்தைய நாளே ஊருக்குப் போய்விட்டாள். என்ன செய்வது?
வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் தங்கைக்குப் போன் செய்யுங்கள். மகளைப் பற்றிப் பிறகு பேசலாம். ஆரோக்கியமான 9 வயதுக் குழந்தை பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறிவிடும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வார்த்தை "நல்லவேளை" என்பதுதான். சின்னம்மை முத்து போட்ட பிறகு தொற்ற ஆரம்பிப்பதில்லை. முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூச்சுக்காற்றின் வழியாகப் பரவத் தொடங்கிவிடும். தங்கை கிளம்பிய நாளும் அதற்கு முந்தைய நாளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

தங்கைக்குச் சிறு வயதில் சின்னம்மை வந்தது உறுதி என்றாலோ, சின்னம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டிருந்தாலோ பயம் வேண்டாம். உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நாளையே 'வாரிசெல்லா ஐஜிஜி' என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி இருப்பதாக முடிவு வந்தால் கவலை அதோடு தீர்ந்தது. இல்லை என்று வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசி. தொற்று நேர்ந்த நான்கு நாட்களுக்குள் போடுவது சிறந்தது, பத்து நாள்வரை போடலாம். அது எல்லா ஊரிலும் உடனே கிடைத்துவிடாது. கிடைக்காவிட்டால், தொற்று நேர்ந்த ஏழாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பது இன்னொரு வழி. எது பொருத்தம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். சின்னம்மைத் தடுப்பூசியை மட்டும் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது, அது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ்.

இவ்வளவு அவசரம் எதற்கு? கர்ப்பத்தின் 13 முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால், நூறில் இரண்டு குழந்தைகள் அளவுக்குத் தோல், கண், கை கால், மூளை பாதிக்கப்பட வாய்ப்புண்டு. மீதி 98 பேருக்கு அந்தப் பாதிப்பு வருவதில்லை, ஆகவே கருவைக் கலைக்க வேண்டுமோ என்று யாரும் பதற வேண்டாம். தாய்க்கு நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு. இன்னொரு விஷயம்: எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால், தொற்று நேர்ந்த எட்டாம் நாளிலிருந்து நான்கு வாரம் முடியும்வரை, செக்கப்புக்குப் போகும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் போகட்டும். மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காரக் கூடாது.

அடுத்து உங்கள் கணவர். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவர் அம்மை கண்டவரோடு ஒரே வீட்டில் இருந்தால், பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். பெரியவர்களுக்கு முத்தும் அதிகம், காய்ச்சலும் அதிகம். புகைப்பவர்களின் நுரையீரலை அது இன்னும் எளிதாகத் தாக்கும். தொற்று நேர்ந்த மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ முடியும். உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு முத்து போடுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கிவிட்டது. எனவே அவர் ஊசி போட வேண்டிய நாள் இன்று, தவறினால் நாளை. இரண்டாம் தவணை நான்கு முதல் எட்டு வாரம் கழித்து. புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ, அதிக அளவில் ஸ்டீராய்டோ எடுப்பவராக இருந்தால் இந்த ஊசி கூடாது.

ஊசி போட்டும் அவருக்கு வந்துவிட்டால்? அடுத்த வாரம் தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரம் தினமும் குளிக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் முத்தைக் கண்ட அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பெரியவர்களுக்குக் கொடுப்பது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இந்த மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே கிளம்பிய முத்தை அழிக்காது. அதனால்தான் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்குவது முக்கியம். நான்காம் நாள் மூச்சு வாங்கும்போது மருத்துவமனைக்கு வரும் ஆண்களில் பலர், அம்மனுக்கு மருந்து ஆகாது என்று முதல் மூன்று நாளும் வீட்டில் படுத்திருந்தவர்கள். சொல்லும்போதே வேதனையாக இருக்கிறது.

மகனுக்கு இரண்டாவது ஊசியை இப்போதே போட்டுவிடுங்கள். முதல் ஊசி போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் போதும். ஒரு தவணை ஏறக்குறைய நூறில் எண்பது பேருக்கு மேல் காக்கும், இரண்டு தவணை தொண்ணூறுக்கு மேல். ஊசி போட்ட பிறகும் வந்தால், பெரும்பாலும் ஐம்பதுக்கும் குறைவான முத்துகளோடு, லேசான காய்ச்சலோடு போய்விடும். மகளுக்கு இந்த ஊசி போட்டீர்களா என்று எழுதவில்லை. அரசு மையத்தில் 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போடும் "அம்மை ஊசி" தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாகக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். "அம்மை ஊசி போட்டாச்சே, பிறகு எப்படி வந்தது" என்று கேட்கும் பெற்றோர் பலருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லியிருப்பதில்லை. 15 மாதத்தில் முதல் தவணை, மூன்று மாதம் கழித்து அல்லது 4 முதல் 6 வயதுக்குள் இரண்டாவது. 13 வயதைத் தாண்டியவர்களுக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு.

இனி மகள். முதுகிலும் வயிற்றிலும் தொடங்கி முகம், தலைக்குப் பரவுவதும், ஒரே நேரத்தில் சிவப்புத் தடிப்பு, நீர் கோத்த முத்து, பொருக்கு மூன்றும் கலந்து தெரிவதும் சின்னம்மைக்கே உரிய அடையாளம். முத்து உள்ளங்கை, உள்ளங்கால், வாயில் மட்டும் இருந்தால் அது வேறு நோய். இன்னும் இரண்டு மூன்று நாள் புது முத்து வரும், பயப்படாதீர்கள். 12 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்கு அசைக்ளோவிர் கட்டாயமில்லை. ஆஸ்துமாவோ தீராத தோல் நோயோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் அவளுக்கு ஒரு வேளைக்கு 390 மில்லிகிராம் வரை. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கடையில் இருக்கிறது, லேபிளைப் படித்துவிட்டு அளந்து ஊற்றுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது, அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குக் காரணமாகலாம். இபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சல் சீக்கிரம் இறங்கும் என்று மருந்துக்கடையில் இவற்றை எடுத்துக் கொடுப்பார்கள். சின்னம்மையின்போது இபுபுரூஃபென் எடுத்த குழந்தைகளிடம் தோலுக்கு அடியில் பாக்டீரியாப் புண் ஆழமாக இறங்கியதைப் பார்த்திருக்கிறோம்.

குளியல் விஷயத்தில் மாமியாரிடம் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். தேய்க்க வேண்டாம், துண்டால் ஒற்றி எடுங்கள். குளித்தால் முத்து உள்ளே போய்விடும் என்பது உண்மையல்ல. குளிக்காத உடம்பில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து அரிப்பு கூடும், சொறிந்த இடத்தில் சீழ் பிடிக்கும். வேப்பிலை போட்டு ஆறவைத்த தண்ணீரைக் கடைசியாக ஊற்றினால் தவறில்லை. ஆனால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடைந்த முத்தின் மேல் பூச வேண்டாம். அம்மியிலும் கையிலும் இருக்கும் கிருமி உள்ளே போகும். புண் சிவந்தால் மஞ்சள் நிறத்தில் அது தெரியாமலும் போய்விடும். அதற்குப் பதில் கேலமைன் லோஷன் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, கண்ணிலும் வாயிலும் படாமல். அரிப்பு மருந்தான டைஃபென்ஹைட்ரமின் கலந்த கேலமைன் வேண்டாம், புண்பட்ட தோல் வழியே அது உடம்புக்குள் அளவுக்கு மீறி ஏறும். இரவுத் தூக்கத்துக்கு செட்ரிசின் 5 மில்லிகிராம் கொடுக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இதுதான் தழும்பைத் தடுக்கும் முதல் வேலை.

வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் ஒருபோதும் எதிர்த்ததில்லை. வெளியாள் உள்ளே வர வேண்டாம் என்று அது ஊருக்கே சொல்லிவிடுகிறது. பருத்திப் பாவாடை, இளநீர், நுங்கு, மோர், ஆறிய கூழ் எல்லாம் நல்லவைதான்; வாய்க்குள் முத்து இருந்தால் குளிர்ந்த தயிர்சாதம்தான் இறங்கும். ஆனால் உப்பையும் பருப்பையும் முட்டையையும் நிறுத்திப் பட்டினி போடாதீர்கள், புண் ஆறப் புரதம் வேண்டும். மருந்து ஆகாது என்ற விதி பெரியம்மைக் காலத்தில் வந்தது. அன்றைக்கு அதற்கு மருந்தே கிடையாது. பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டுப் போனது, 1980-இல் உலகத்தில் இருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சின்னம்மை வேறு வைரஸ், இதற்கு மருந்து இருக்கிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டே பாராசிட்டமாலும் கொடுக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நீடித்தாலோ, விட்டுப் போய்த் திரும்ப வந்தாலோ உடனே கூட்டிப் போங்கள். மூச்சிரைப்பு, நடக்கும்போது தள்ளாட்டம், விடாத வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, முத்துக்குள் ரத்தம் கட்டுதல், கண்ணுக்குள் முத்து, ஒரு முத்தைச் சுற்றிச் சூடாகச் சிவந்து வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை வாசலிலேயே சின்னம்மை என்று சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்பதை எத்தனையாவது தண்ணீர் ஊற்றினோம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசி முத்தும் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகு அனுப்பலாம், பொதுவாக முத்து போட்டு ஐந்து முதல் ஏழு நாளில் அந்த நிலை வரும். தலைமயிருக்குள்ளும் விலக்கிப் பாருங்கள், ஈரமான முத்து அங்கேதான் ஒளிந்திருக்கும். பொருக்கு உதிர இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். உதிரும் பொருக்கால் தொற்று பரவும் என்பது பெரியம்மைக்குப் பொருந்தும், இதற்கு அல்ல. பொருக்கைப் பிய்க்காமல் விட்டால் கருமை சில மாதத்தில் மங்கிவிடும். அதற்கென்று ப்ளீச்சும் சிவப்பழகு க்ரீமும் வேண்டாம்.

மாமியாருக்கு மகளிடமிருந்து சின்னம்மை மறுபடி தொற்றுவது மிக அரிது. ஆனால் சிறு வயதில் வந்த வைரஸ் அவர் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கொண்டுதான் இருக்கும். வயதாகும்போதோ சர்க்கரை நோய் கட்டுப்பாடு இழக்கும்போதோ அது ஒரு பக்கமாக, நரம்பு போகும் பாதையில் கொப்புளமாக எழும். அதுதான் அக்கி. விலாவிலோ நெற்றியிலோ ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் கண்டால், அக்கி எழுதக் கூட்டிப் போய் நாளைக் கடத்தாமல் 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் கொப்புளம் ஆறிய பிறகும் வலி மாதக்கணக்கில் நிற்கும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்தால் அன்றே கண் மருத்துவர். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை.