பூங்காவும் மறுகாலும்

ஐயா,

பாளையங்கோட்டையில் எங்கள் நகரில் புதிதாகப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். புல்தரை, நடைபாதை, நீரூற்று எல்லாம் உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நூறு வேப்பங்கன்றுகள் நடவும் எண்ணியுள்ளோம். 2023 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் பல நாட்கள் தண்ணீர் நின்றது. கோடையிலோ இரவிலும் சுவர் சுடுகிறது. பூங்காவும் மரங்களும் இவ்விரண்டுக்கும் போதுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது என்றே நினைக்கிறேன். அதனால் அவை வீண் என்று ஆகிவிடாது. மழையை வாங்கி வைக்கவும் வெக்கையைத் தணிக்கவும் நம் பக்கத்தில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. தாமிரபரணியின் அணைக்கட்டுகளில் பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்ப, ஒரு குளம் நிரம்பி வழியும் நீர் மறுகால் என்னும் போக்கு வழியாக அடுத்த குளத்துக்குப் போக, இடையிலுள்ள நஞ்சை முழுவதும் ஈரம் காத்து நிற்கும் ஏற்பாடு அது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்புகிறது. பாளையங்கால்வாயோ மேலப்பாளையம் வழியாக உங்கள் ஊருக்கே வருகிறது. நகரத்தின் பசுமை என்று கணக்கெடுத்தால் இவையே முதலில் வர வேண்டும்.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மரத்தின் இலையும் ஈர வயலும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான் என்றாலும், பொதிகையில் பெய்த மழை கார் சாகுபடிக்குக் கால்வாயில் வந்து சேர்வதால், அந்தக் காற்று நஞ்சையைத் தொட்டுக் குளிர்ந்து ஊருக்குள் நுழைந்தது. வயல் மனையானபின் கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடுகின்றன; உங்கள் சுவர் சுடுவது அதனால்தான். நூறு வேம்பு நல்ல நிழல் தரும், ஆனால் நூறு ஏக்கர் ஈரத்துக்கு ஈடாகாது.

வெள்ளத்தைப் பற்றி மிகைப்படுத்தாமல் பேச வேண்டும். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையை எந்தப் பூங்காவும் குளமும் முழுவதாகத் தாங்காது. தாங்கும் என்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் மழை விட்டபின் தண்ணீர் எத்தனை நாள் தெருவில் நிற்கும் என்பது பெரிதும் மறுகால் ஓடை திறந்திருப்பதைப் பொறுத்தது. அந்த ஓடையில் ஆண்டில் சில நாட்களே நீர் ஓடும்; மற்ற நாட்களில் சும்மா கிடக்கும் தரிசாகத் தெரிவதால், அதன்மேல் சாலையும் மதிலும் எழும்பிவிடுகின்றன. குளத்தை அழகுபடுத்துவதாகச் சொல்லிச் சுற்றிலும் சிமெண்ட் சுவர் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சரிவான மண்கரையில்தான் கோரை முளைக்கும், கொக்கு இறங்கும். நடைபாதைக்காகச் சுவரை உள்ளே தள்ளிக் கட்டினால் கொள்ளளவும் குறையும்.

உங்கள் பூங்காவுக்கு வருகிறேன். அடுத்த மழையில் குடையோடு அதன் வாசலில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான பூங்காக்களில் மண்ணைக் கொட்டித் தரையைச் சாலையைவிட உயர்த்தி, நடைபாதையில் பேவர் பிளாக் பதித்திருப்பார்கள். உள்ளே பெய்த மழையும் தெருவுக்கே வரும். ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். அந்த ஓர் ஏக்கர் சாலையைவிட அரை அடி தாழ்ந்திருந்தால், தன்மேல் பெய்ததோடு தெருவிலிருந்து வரும் 2 லட்சம் லிட்டரையும் வாங்கிக்கொள்ளும். நீரூற்றுக்குச் செலவழித்த பணத்தில் இதைச் செய்திருக்கலாம்.

கன்றுகளை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில், ஐப்பசியில் நடுங்கள். நூறும் வேம்பாக வேண்டாம்: மேட்டுப் பாங்கான இடத்துக்கு வேம்பு, கால்வாய் ஓரத்துக்கு மருதும் நாவலும், தெருவோரத்துக்குப் புங்கம். தண்டை ஒட்டிச் சிமெண்ட் பூச விடாதீர்கள். வேரைச் சுற்றி மூன்றடியாவது மண் திறந்திருக்க வேண்டும். இதற்கிடையே சங்கத்தில் ஒருவரை வருவாய்த் துறை அலுவலகத்துக்கு அனுப்பி, உங்கள் பகுதியின் நில அளவைப் படத்தில் ஓடைப் புறம்போக்கு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். அந்தப் படத்தோடு, ஓடையைத் திறந்துவிடக் கேட்டு மனுக் கொடுப்பது, கன்று நடுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை.

அன்புடன்.