குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை ஏன் ஏறுகிறது?

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 154 செ.மீ., எடை 68 கிலோ. காலையில் 3 இட்லி, மதியம் ஒரு தட்டு சோறு, ராத்திரி 2 தோசை. அவ்வளவுதான் சாப்பாடு. வீட்டு வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். "வாயைக் கட்டு" என்கிறார் மாமியார். தவறு என் மீதுதானா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மீது மட்டும் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். 2015-16இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 31 சதவீதம் பேர் அதிக எடையுடன் இருந்தார்கள். 2019-21இல் அது 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்தச் சில வருடங்களுக்குள் இத்தனை பெண்களுக்கும் ஒரே சமயத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டதா என்ன? நாம் சாப்பிடுவதும் மாறியிருக்கிறது, நடமாட்டமும் குறைந்திருக்கிறது.

உங்கள் உடல் நிறைக் குறியீடு (BMI, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) சுமார் 28.7. நம் நாட்டவருக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று கணக்கு. நமக்குக் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேர்கிறது, சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. அதனால் இடுப்பையும் ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய சாப்பாட்டில் எனக்குப் பட்டது அளவு அல்ல. மூன்று வேளையும் பெரும்பாலும் அரிசிதான். பருப்பு, முட்டை, மீன், காய் எதையும் காணோம். அரிசி மட்டும் சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்கும். பசித்தால் டீ. டீயைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, என்னிடம் வருகிறவர்களும் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் கிட்டத்தட்ட 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. அப்புறம், பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசையை "வீணாகிறதே" என்று வாயில் போட்டுக்கொள்வது. இது பல அம்மாக்களுக்கு உண்டு. நான் குறை சொல்லவில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

சோற்றை விட வேண்டாம், பாதியாக்குங்கள். அந்த இடத்தில் கெட்டியான பருப்போ சுண்டலோ, ஒரு கைப்பிடி கீரையோ பொரியலோ வரட்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவானால், அதை 3 லிட்டருக்குக் கொண்டு வாருங்கள். இது உங்களுக்கு மட்டும் தனிச் சமையல் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்.

வீட்டு வேலை உடம்பை அசைக்கிறது, சரிதான். ஆனால் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்த பிறகு அது போதவில்லை. வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடக்க வேண்டும். முதல் வாரம் பத்து நிமிடமே போதும். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் உங்களுக்கு வேண்டியது வீட்டுப் பக்கத்திலேயே, வெளிச்சம் உள்ள, நாய்த் தொல்லை இல்லாத ஒரு கிலோமீட்டர்.

மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் 3 அல்லது 4 கிலோ குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பலன் தெரியும். 55 கிலோவுக்கு வர வேண்டும் என்று பட்டினி கிடக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகையும் இருக்கிறது. எடை கூடியவருக்கும் அது இருக்கலாம். அதனால் தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ காரணமில்லாமல் சோர்வு இருந்தாலோ தைராய்டும் பார்க்க வேண்டும்.

தெருவில் பலரும் இப்படித்தான் என்றீர்களே, அவர்களையும் நடக்கக் கூப்பிடுங்கள். மாமியாரையும் சேர்த்துத்தான். சாலையில் நடக்க இடமில்லை என்றால், மாலையில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடச் சொல்லி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.