ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை: கிராமத்து வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகள்

நான் 14 வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள். அப்புறம் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்து வீட்டில் 9 வருடம், முதலில் மாமியாரையும் பிறகு அப்பாவையும் பார்த்துக்கொண்டேன். வார்டில் பெல் அடித்தால் யாராவது வருவார்கள். வீட்டில் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவதுதான் பெல், ஓடிப்போவதும் நான்தான். இந்த வித்தியாசத்தைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலமில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போகிறேன். முதலில் என்னவெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்?

வாங்குவது அப்புறம் இருக்கட்டும் தம்பி. முதலில் தூரத்தை அளந்து வையுங்கள். ஒருநாள் ராத்திரி, எந்த அவசரமும் இல்லாதபோது, வண்டியில் ஆஸ்பத்திரி வரை போய்ப் பாருங்கள். பகலில் அரை மணி நேரம் ஆகிற பாதை ராத்திரியில் எவ்வளவு நேரம் எடுக்கிறது, எந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது என்றெல்லாம் அப்போதுதான் தெரியும்.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் உண்டா? பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இங்கே போடுவீர்களா? அந்த ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஸ்கேன் இல்லாத இடத்துக்கு முதலில் ஓடி, அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பப்பட்டு நேரத்தைக் கோட்டைவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வாயில் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆம்புலன்ஸ்காரருக்கு உங்கள் வீடு தெரியாது. "மேட்டுக்குப் பக்கத்தில், மரம் தாண்டி" என்று சொன்னால் அவர் சுற்றிக்கொண்டே இருப்பார். டார்ச்சோடு யார் போய் முக்கில் நிற்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

பலமில்லாத அந்த இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய பலமுள்ள வலது பக்கம் இருக்கட்டும். பாதிப் பாரத்தை அவரே தாங்கிக்கொள்வார்.

கேள்வி: பாட்டி படுத்த படுக்கை. படுக்கைப்புண் வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தினமும் பவுடர் போட்டு முதுகைத் தேய்த்துவிடுகிறேன். போதுமா?

முதுகைத் தடவிக்கொடுப்பது நல்லதுதான், பாட்டிக்கும் பிடிக்கும். ஆனால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், அதுவும் நிறம் மாறிய இடத்தில், அழுத்தித் தேய்க்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே நசுங்கியிருக்கும் சதை இன்னும் கெடும்.

புண் வருவது அழுத்தத்தால். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ரத்தம் ஓடாது. அதனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முழுசாக ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்து வைத்தால் போதும், இடுப்பு எலும்பின் மேல் பாரம் விழாது. இழுத்துத் தள்ளாதீர்கள், தோல் உராய்ந்து கிழியும். அடியில் ஒரு விரிப்பைப் போட்டு, இரண்டு பேர் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

என் மாமியாருக்குக் குதிகாலில் வந்தது. நர்ஸாக இருந்தும் கோட்டைவிட்டேன். புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று படித்திருந்ததால் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நம்மைப்போல் கறுத்த தோலில் சிவப்பு சுலபமாகத் தெரியாது. ஒருநாள் துணி மாற்றும்போது என் புறங்கை தற்செயலாக அவருடைய குதிகாலில் பட்டது. மற்றக் காலைவிடச் சூடாக இருந்தது. அமுக்கிப் பார்த்தால் மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்த பிறகுதான் அந்த இடம் மட்டும் கொஞ்சம் ஊதா கலந்த கறுப்பாக இருப்பது தெரிந்தது. அதிலிருந்து தினமும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன்: பின்தலை, தோள்பட்டை, முதுகுத்தண்டின் அடிமுனை, இடுப்பின் இரண்டு பக்கம், கணுக்கால், குதிகால். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: காற்று மெத்தை வாங்கினால் புரட்ட வேண்டாம்தானே?

வேண்டும். மெத்தை ஒரு துணைதான். கரண்ட் போனால் அதுவும் இல்லை.

கேள்வி: மாமனார் கீழே விழுந்துவிட்டால் நான் ஒருத்தி எப்படித் தூக்குவது? வீட்டில் பகலில் வேறு யாரும் இல்லை.

தூக்காதீர்கள் அம்மா. அப்பா குளியலறையில் விழுந்தபோது பதறிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மூன்று வாரம் நிமிர முடியாமல் கிடந்தேன்.

விழுந்தவரை அப்படியே விட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இரண்டு காலையும் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தொடை எலும்பு இடுப்பருகே முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அசைக்காமல், போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். உள்ளே மெதுவாகக் கசியும் ரத்தம் மணிக்கணக்கு கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

அடி எதுவும் இல்லை என்றால், அவரே எழுந்துகொள்ள நீங்கள் வழி மட்டும் சொல்லுங்கள். ஒருக்களிக்கச் சொல்லி, முழங்கையை ஊன்றி, மண்டியிட்ட நிலைக்கு வரவையுங்கள். முன்னால் ஒரு கனமான நாற்காலி. அதில் இரண்டு கையையும் ஊன்றி, பலமான காலின் பாதத்தைத் தரையில் வைத்து அவர் எழும்பும்போது பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ளுங்கள். விழாமல் இருக்கும்போதே இரண்டு முறை பழக்கிவிடுங்கள்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுபவர்கள் நிறையப் பேர். கால் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள்.

கேள்வி: நேற்றுவரை தெளிவாகப் பேசிய அம்மா இன்று என்னையே யார் என்று கேட்கிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். வயசாகிவிட்டது, மறதி நோய் என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். ஒரே நாளில் வந்தது அது இல்லை. இதற்குக் குழப்பநிலை, டெலிரியம் என்று பெயர். காரணம் பெரும்பாலும் உடம்பில்தான் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி, தண்ணீர் குறைவு, பல நாள் மலச்சிக்கல், ரத்தத்தில் உப்பு குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாமல் இருக்கலாம். இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு எடுத்துப் போங்கள். கண்ணாடியும் காது மெஷினும் மறக்க வேண்டாம். அவை இல்லாமல் புது இடத்தில் கிடந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

கேள்வி: இதே மாதிரிதான், ஆனால் எங்கள் தாத்தாவுக்கு மறதி நோய் என்று 2 வருடம் முன்பே சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுகிறார். இதுதான் வீடு என்று சொன்னால் கோபம்.

சொல்லாதீர்கள். அவர் தேடுவது இந்தக் கட்டடத்தை இல்லை. "போகலாம், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்" என்று கூடவே நடந்து, வீட்டைச் சுற்றி ஒரு நடை கூட்டிவந்தால் பல நாள் சரியாகிவிடும். பொழுது சாயும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், மங்கலில்தான் பயம் கூடுகிறது. கிணற்றுக்கு மூடி போடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கிராமத்தில் ஒரு வசதி, எல்லோருக்கும் தாத்தாவைத் தெரியும். வெட்கப்படாமல் நாலு வீட்டில் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ராத்திரி தூங்கவே விடுவதில்லை. கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். 1991-ல் மார்க் பியர்ஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அதைத் திருத்தித் திருத்தி இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். பல தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளும் அதில் இருக்கின்றன. குழப்பத்தையும் விழுவதையும் கூட்டிவிடும். பகலில் எவ்வளவு தூங்குகிறார் என்று முதலில் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரையை ராத்திரியில் கொடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டால் பாதி விழிப்பு குறையும். மலச்சிக்கலும் வலியும் தூங்கவிடாது.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின். இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்றே தெரியாது.

திறக்காத இன்சுலினைத்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த புட்டி கடும் வெயில் படாத, 25 - 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பெரும்பாலும் 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் தாளில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், பாருங்கள். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதுங்கள். ஒரு மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி: உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஃபிரீசரில் வைத்து உறைந்துபோனதை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

திடீரென்று வேர்த்து, நடுங்கி, பேச்சு மாறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அளவு 70-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து உதவி கூப்பிடுங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது.

நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றே தாழ்த்திச் சாப்பிடச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீர்தான் கட்டியானதைவிட அதிகம் புரையேறும். குடித்த பின் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். விழுங்குவது கஷ்டம் என்று மாத்திரையைப் பொடி செய்யும் முன்பும் கேட்டுவிடுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒருநாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும்.

கேள்வி: நான் மகன். அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

இருக்கத்தான் செய்யும். ஒரு பெரிய துண்டை உடம்பின் மேல் போட்டுவிட்டு, அதற்கு அடியில் கைவிட்டு ஒவ்வொரு பகுதியாகத் துடையுங்கள். சோப்புத் துணியை அவர் கையிலேயே கொடுத்து, தானே செய்ய முடிந்த இடத்தை அவரையே தேய்க்கச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி நில்லுங்கள். முழுக் குளியல் தினமும் தேவையில்லை. முகம், அக்குள், மடிப்புகள், அடிப்பகுதி மட்டும் தினமும் சுத்தமாக இருந்தால் போதும்.

கேள்வி: அண்ணன் வெளியூரில். வாரம் ஒருமுறை போன் செய்து "அது செய்தாயா, இது செய்தாயா" என்கிறார். எரிச்சலாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது, அவரையும் குறை சொல்ல மாட்டேன். குற்ற உணர்ச்சிக்குப் பல நேரம் யோசனை சொல்லத்தான் தெரியும். "வந்து உதவு" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. "மருந்து வாங்கும் பொறுப்பும் டாக்டர் தேதி வாங்கும் பொறுப்பும் உன்னுடையது, வருடத்தில் இந்த இரண்டு வாரம் நீ வந்து இருக்கிறாய், நான் வெளியே போகிறேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு போன் வரும் தொனியே மாறும்.

கேள்வி: நேற்று அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். மூன்றாவது முறை துணி மாற்றிய பிறகு. அவர் அழுதார். நான் நல்ல மகளா என்றே தெரியவில்லை.

நானும் கத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேளுங்கள், அவருக்குப் புரியாது என்று தோன்றினாலும் கேளுங்கள்.

1980-ல் ஸ்டீவன் ஸாரிட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பார்த்துக்கொள்பவர்களின் பாரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 22 கேள்வி கொண்ட அதன் வடிவம்தான் இன்று அதிகம் புழங்குகிறது. அதில் உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர்மேல் கோபம் வருகிறதா என்றும் கேட்கிறார்கள். கோபம் வருவது அவ்வளவு சாதாரணம் என்பதால்தான் அச்சடித்த தாளிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கை ஓங்கத் தோன்றினால், அவர் பத்திரமாகப் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். பத்து நிமிஷம் ஈரத்துணியோடு கிடந்தால் ஒன்றும் ஆகாது.

அப்புறம், பக்கத்து வீட்டில் யாரிடமாவது "எப்போதாவது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்காதீர்கள். "வியாழக்கிழமை 3 மணியிலிருந்து 5 மணி வரை வந்து உட்கார முடியுமா, துணி மாற்ற வேண்டாம், பேசிக்கொண்டிருந்தால் போதும்" என்று கேளுங்கள். எனக்கு ஒரு வயதான அம்மா அப்படி வந்தார். முதல் வியாழக்கிழமை நான் எங்கும் போகவில்லை. பின்கட்டில் பாய் போட்டு, டம்ளர் சத்தம் கேட்காத தூரத்தில் படுத்து, இரண்டு மணி நேரமும் தூங்கினேன்.